இடது கையால் பரிமாறுபவள்

ஜனவரி 12, திங்கள்

அருங்காட்சியகத்தின் ஸ்லைடு அறையில் இன்றும் ஸ்கேனர் மக்கர் செய்தது. அது இருமி முடிப்பதற்குள் பல்கலைக்கழக அறிவிப்பை நாலைந்து முறை படித்துவிட்டேன். கலை வரலாற்றில் முனைவர் பட்டம். இருமொழிப் படிப்பு, தமிழும் ஆங்கிலமும். ஒரே கலைப்படைப்பைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக இருக்கக் கூடாது. தமிழ்க் கட்டுரை விண்ணப்பத்தோடு போகும். அதில் தேறினால் ஆங்கிலக் கட்டுரை, அதற்குப் பிறகு நேர்காணல். எடுப்பது இரண்டே பேரை. வயது வரம்பு நாற்பத்தைந்து.

எனக்கு நாற்பத்து நான்கு. இந்த வருடத்தை விட்டால் அவ்வளவுதான்.

இது எனக்காகவே போட்ட அறிவிப்பு. தன்னடக்கத்தை நேர்காணலில் காட்டிக்கொள்ளலாம், டைரியிடம் எதற்கு? இங்கே இருக்கிற பழைய பிலிம் ஸ்லைடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஸ்கேன் செய்து, இணையத்தில் ஏற்றியது நான். ஆய்வாளர்கள் அவற்றைப் பார்த்துப் புத்தகம் எழுதிவிட்டு, முன்னுரையில் "அருங்காட்சியகத்துக்கு நன்றி" என்கிறார்கள். அந்த அருங்காட்சியகம் நான்தான்.

ஜனவரி 14

அக்கா போன் செய்தாள். விஷயத்தை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே.

"படத்தைப் பாத்துக் கதை சொல்றதுக்கு டாக்டர் பட்டமா? அதை நீ ஒண்ணாம் கிளாஸ்லயே செஞ்சியே!"

"அப்ப குடுக்க மறந்துட்டாங்க. இப்ப போய் வாங்கிக்கறேன்" என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

படைப்பு கிடைத்துவிட்டது! பூட்டிக் கிடக்கும் நூற்பாலை ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிற சுவரோவியம். வரைந்தவர் பெயர் தெரியவில்லை. ஆலை முதலாளி ஆள் வைத்து வரையச் சொன்னார் என்பதற்கு மேல் பதிவேட்டில் ஒன்றுமில்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்லைடு. அதையும் நான்தான் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறேன்.

தொழிலாளர்கள் கையில் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். வரிசையின் வால் வலக்கோடியில். தலை இடக்கோடியில், அங்கே அண்டாவுக்குப் பின்னால் ஒரு பெண் பரிமாறுகிறாள். இன்று பெரிதாக்கிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துப்போனது. அவள் கரண்டி பிடித்திருப்பது இடது கையில்!

இடது கையால் யாராவது சாப்பாடு போடுவார்களா? போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். முதலாளி காசில், முதலாளி சுவரிலேயே, "இங்கே போடுகிற சோற்றின் லட்சணம் இதுதான்" என்று ஓவியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. வாங்குகிறவர்கள் எல்லோரும் தட்டை வலது கையில் ஏந்தியிருக்கிறார்கள். கொடுப்பது இடது, வாங்குவது வலது. மரியாதை தெரிந்தவர்கள் யார் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? வரிசையின் கடைசி ஆள் அண்டாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்க்கிறார். அவர்தான் அவமானத்தை முதலில் புரிந்துகொண்டவர், இந்தச் சோறு வேண்டாம் என்று கிளம்பப்போகிறவர்.

இத்தனை வருடமாக இது ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் பட்டது பார்.

நேரில் பார்க்க அனுமதி கேட்டு ஆலை நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் வரட்டும்.

ஜனவரி 31, சனி

தமிழ்க் கட்டுரை முடிந்தது. தலைப்பு "இடது கையின் சாட்சி". என் கட்டுரையை நானே புகழக் கூடாதுதான். ஆனால் மூன்றாவது பக்கத்தைப் படிக்கும்போது எனக்கே எழுந்து நின்று கைதட்டலாம் போலிருக்கிறது.

வீட்டுக்காரர் மருந்துக்கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், கை ஈரம் காய்வதற்குள் எடுத்துப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சுவத்தை நேர்ல பாக்காமலா எழுதறது?"

"நீங்க சீட்டைப் பாத்துத்தானே மருந்து குடுக்கறீங்க? நோயாளியையா பாக்கறீங்க?"

"சீட்டு எழுதினவர் பாத்திருப்பாருல்ல?"

கடைசி வார்த்தை அவருடையதாக இருக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

பிப்ரவரி 3

அனுப்பியாயிற்று. இடம் எனக்குத்தான்.

மார்ச் 5, வியாழன்

தேறிவிட்டேன். ஆறு பேரில் ஒருத்தி. கட்டுரையைத் திருத்திய தமிழ்ப் பேராசிரியை எழுதியிருந்த ஒற்றை வரியையும் கடிதத்தில் சேர்த்திருந்தார்கள்: "பார்க்கத் தெரிந்தவர் எழுதியது." அதை நிதானத்திடம் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். நிதானம் என்பது ஸ்லைடு அறையில் என்னோடு வேலை செய்பவருக்கு நான் வைத்த பெயர். தீப்பிடித்தாலும் "நிதானமா பாத்துக்கலாம் மேடம்" என்பவர். "நிதானமா சந்தோஷப்படுங்க மேடம்" என்றார்.

இனி ஆங்கிலக் கட்டுரை. அதை வேறொரு பேராசிரியர் படிப்பார். யார் எழுதியது என்பது தெரியாதிருக்கக் கட்டுரையில் பெயர் இருக்கக் கூடாது. நேர்காணல் வரை ஒருவர் படித்ததை மற்றவர் பார்க்கமாட்டார். ஏற்கெனவே அனுப்பியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எதற்கு மாற்ற வேண்டும்?

மார்ச் 11

ஆலை நிர்வாகத்திலிருந்து ஒருவழியாகப் பதில். சனிக்கிழமை போகலாம். மறந்தேபோயிருந்தேன். போய்விட்டு வந்தால் ஆங்கிலக் கட்டுரையில் நிறங்களைப் பற்றி இரண்டு பத்தி கூடுதலாக எழுதலாம்.

மார்ச் 14, சனி

எப்படி எழுதுவது இதை.

காவலுக்கு இருக்கும் அம்மா பூட்டைத் திறந்துவிட்டு, ஜன்னல்களைத் தள்ளித் திறந்தார். வெளிச்சம் சுவரில் விழுந்தது. இது வேறு படம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே முகங்கள், அதே அண்டா. ஆனால் பரிமாறுபவள் வலக்கோடியில் நிற்கிறாள். அங்கே எப்படிப் போனாள்? வரிசையின் வால் இடக்கோடியில் இருக்கிறது. கிட்டே போய்க் கரண்டியைப் பார்த்தேன்.

வலது கை. நல்லா லட்சணமா, வலது கையால போட்டுக்கிட்டிருக்கா மகராசி! தட்டெல்லாம் இடது கையில. சாப்பிடற கை சும்மா இருக்கணும்னு எல்லாரும் பிடிக்கிற மாதிரிதான் பிடிச்சிருக்காங்க. ஸ்லைடைப் புறம் மாத்தி ஸ்கேன் பண்ணியிருக்கேன். நான்தான். வேற யாரு? கண்ணாடியில தெரியற மாதிரி மொத்தப் படமும் இடம் வலமா மாறிப்போய் நெட்ல கிடக்கு, அதைப் பாத்து நானே பத்துப் பக்கம் எழுதி, நானே கைதட்டி... மரியாதை தெரிஞ்சவங்க யாருன்னு வேற கேட்டேனே! தட்டு வலது கையில இருக்கறதைப் பாத்ததும் உறைச்சிருக்க வேண்டாமா? அதையும் இழுத்துக் கதைக்குள்ள போட்டுக்கிட்டேனே!

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார் காவலர் அம்மா.

"இல்லம்மா. அந்தப் பொம்பளை கரண்டி பிடிச்சிருக்கறது வலது கைதானே?"

அவர் தன் கையைத் தூக்கிப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "வலதுதான். ஏன், வேற எதுல பிடிப்பாங்க?"

மார்ச் 15

யாரிடமும் பேசவில்லை. வீட்டில் நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவர் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 16, திங்கள்

ஸ்லைடை எடுத்து விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்லைடின் சட்டத்திலும் கீழே இடது மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். கட்டைவிரல் அதன்மேல் வருகிற மாதிரி பிடித்தால் படம் சரியான பக்கம் இருக்கிறது என்று கணக்கு. இந்த ஸ்லைடில் எவரோ எந்தக் காலத்திலோ பொட்டைப் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டார். சரி, அவர் தப்பு. ஆனால் பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருகிற பாடம் அது. அதை நான் செய்யவில்லை. நான் ஏற்றிய படத்தில் ஆண்களின் சட்டைப் பைகள் எல்லாம் வலது மார்பில் இருக்கின்றன. பார்க்கத் தெரிந்தவளாம்!

நிதானம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"நிதானமா யோசிங்க மேடம். அந்தக் கூடத்துக்கு யாரு போகப்போறா? நேர்காணல் முடியற வரைக்கும் படம் அப்படியே இருக்கட்டும். அப்புறம் திருப்பிப் போட்டுக்கலாம். ஆங்கிலத்துல கையைப் பத்தியே எழுதாதீங்க. ரெண்டு பேரும் வேற வேற கட்டுரையைத்தானே படிக்கறாங்க?"

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அதைவிட மோசம், அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் அது தோன்றியிருந்தது.

மார்ச் 18

கையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். வண்ணங்கள், முகங்கள், கூட்டத்தை ஓவியர் அடுக்கியிருக்கும் விதம். பொய் ஒரு வரிகூட இல்லை. படிக்கவும் நன்றாக இருந்தது. இதை அனுப்பினால் இடம் கிடைத்துவிடும் என்றே தோன்றியது. உண்மையை எழுதினால், என்னை ஆறு பேரில் ஒருத்தியாக்கிய தமிழ்க் கட்டுரையை என் கையாலேயே கிழித்துப் போட்டதாகிவிடும். அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இல்லை.

மதியம் வீட்டுக்காரரின் கடைக்குப் போனேன். கூட்டமில்லை. அவர் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தப்பான மருந்தைக் குடுத்துட்டீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"பின்னாடியே ஓடிப்போய்த் திருப்பி வாங்குவேன்."

"அதுக்குள்ள முழுங்கிட்டாருன்னா?"

"அப்பவும் ஓடுவேன். இன்னும் வேகமா."

கேட்டிருக்கவே கூடாது. வீட்டுக்கு வந்து நான்கு பக்கத்தையும் அழித்தேன். அழித்துவிட்டு அழுதேன், அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

மார்ச் 21, சனி

மறுபடி ஆலைக்குப் போனேன். இந்த முறை எதையும் நிரூபிக்கப் போகவில்லை. காவலர் அம்மா ஒரு முக்காலி கொடுத்தார். காலையிலிருந்து மதியம் வரை சுவருக்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்லைடில் படம் மட்டும்தான் இருக்கும். சுவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் என்ன என்று அது காட்டாது. இடப்பக்கம், வரிசையின் வாலை ஒட்டி, கூடத்தின் வாசல். வலப்பக்கம், பரிமாறுபவளை ஒட்டி, சமையலறையிலிருந்து சாப்பாடு கொடுக்கிற நிஜ ஜன்னல். வேலை முடிந்து வந்த தொழிலாளர்கள் இந்த வாசல் வழியாக வந்து, இந்தச் சுவரை ஒட்டித்தான் அந்த ஜன்னலுக்கு வரிசையில் போயிருக்க வேண்டும். படத்தில் இருக்கிற வரிசையும் நிஜ வரிசையும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன.

அப்படியானால் திரும்பிப் பார்க்கிற அந்தக் கடைசி ஆள்? எழுந்துபோய் வாசலில் நின்றேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபித்துக்கொண்டு போகிறவரல்ல அவர். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார், உனக்கும் இடமிருக்கிறது வா என்கிற முகம். யாரோ பெயர் தெரியாத ஓவியர், அந்தக் கதவைத் தாண்டி வருகிற ஒவ்வொருவரையும் இப்படிக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். நான் அவரை முதலாளியைக் கரித்துக்கொட்டுகிறவராக மாற்றிவிட்டேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏனென்றால் இது அதைவிட நல்ல படம்.

மார்ச் 23

இணையத்தில் படத்தைத் திருப்பிப் போட்டேன். இதுவரை இடவலம் மாறியிருந்தது என்று கீழே குறிப்பும் எழுதி, என் பெயரைப் போட்டேன். "அவசரப்பட்டுட்டீங்க மேடம்" என்றார் நிதானம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆங்கிலக் கட்டுரை முடிந்தது. முதல் பாதி முழுக்க, "முந்தைய ஆய்வு ஒன்று" என்று சொல்லித் தமிழ்க் கட்டுரையை வரிவரியாக எடுத்து உடைத்திருக்கிறேன். கொஞ்சமும் தயவு காட்டவில்லை. அந்த ஆய்வை எழுதியவர் யார் என்பதைக் கடைசிப் பக்க அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறேன்: "இதே விண்ணப்பதாரர்." அடுத்த பாதி, வாசல், ஜன்னல், இரண்டு வரிசைகள்.

அக்காவிடம் சொன்னேன். "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதைதான்" என்றாள். பிறகு, "ஆனா நல்லா போட்டுக்கிட்டியா?" என்றாள்.

"பிரமாதமா போட்டுக்கிட்டேன்."

உண்மை. நான் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது. வேண்டாம் என்று சொன்னால் நஷ்டம் அவர்களுக்கு. எனக்கும்தான்.

ஏப்ரல் 20, திங்கள்

நேர்காணல். நீள மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஆங்கிலக் கட்டுரையைப் படித்த பேராசிரியர் சிரித்த முகம். தமிழ்க் கட்டுரையைப் படித்த பேராசிரியைக்குக் கூர்மையான பார்வை. அவர் முன்னால் இருந்த என் கட்டுரையின் ஓரமெல்லாம் பென்சிலில் டிக் போட்டிருந்தது.

பேராசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கட்டுரை தனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் யாரோ ஒரு ஆய்வாளரைப் பிடித்து இந்த அடி அடித்திருக்கிறீர்களே, அந்த மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்றார்.

"கடைசி அடிக்குறிப்பைப் பாருங்கள் சார்" என்றேன்.

அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு மேசை அதிரச் சிரித்துவிட்டு, கட்டுரையைப் பக்கத்தில் நகர்த்தினார். பேராசிரியை அதை நின்று நிதானமாகப் படித்தார். அவர் சிரிக்கவில்லை. தமிழுக்கு மாறினார்.

"அப்ப இந்த இடது கை?"

"இல்லை மேடம். வலது கைதான்."

"நான் இதைப் போன வாரம் கிளாஸ்ல சொன்னேன். ஒரு மணி நேரம்."

கட்டுரையின் அந்தப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"நேர்ல பாக்காம ஏன் எழுதினீங்க?"

"அனுமதி வரலை மேடம்."

"அது சாக்கு. நான் காரணம் கேட்டேன்."

பணிவாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததைச் சொன்னேன். "என் கண்ணு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை மேடம்."

"இப்ப?"

"இப்பவும் இருக்கு. ஆனா கண்ணைக் கூட்டிக்கிட்டுப் போய் எதிர்ல நிறுத்தினாத்தான் நம்புவேன். உக்காந்த இடத்துல அது சொல்றதை நம்பமாட்டேன்."

பேராசிரியர் தலையாட்டினார். பேராசிரியை தமிழ்க் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இந்தக் கட்டுரைக்கு நான் போட்ட மார்க்கைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றார். "நீங்க போகலாம்."



ஏப்ரல் 24

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். தமிழ்க் கட்டுரை செல்லாது. வேண்டுமானால் பத்து நாளில் புதிதாக ஒன்று எழுதி அனுப்பலாம், ஆங்கிலக் கட்டுரையின் மொழிபெயர்ப்பாக இருக்கக் கூடாது, இதனால் இடம் உறுதி என்று பொருளல்ல. கீழே பேராசிரியையின் கையெழுத்து.

வேண்டுமானாலா? நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆலைக்கு.

மே 4

அனுப்பியாயிற்று. நன்றாக வந்திருக்கிறது. இதை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஆய்வுக்காக ஊர் விட்டு ஊர் வந்து விடுதியில் தங்கியிருக்கிறேன். சின்ன அறை, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. நாளைக் காலை இங்கே ஒரு பழைய நாடகக் கொட்டகையில், சுருட்டி வைத்திருக்கும் ஓவியத் திரையை அவிழ்த்துக் காட்டுகிறார்கள்.

அந்தத் திரையின் புகைப்படங்களைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் பார்த்துவிட்டு, என் கருத்தைச் சொல்லலாம் என்று போன வாரம் பேராசிரியை முன்னால் வாயைத் திறந்தேன். "ஏம்மா, போய்ப் பாத்தாச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அந்த போட்டோவையெல்லாம் இங்க குடுத்துட்டுப் போங்க. வந்து வாங்கிக்கலாம்." என் வழிகாட்டியாக இருக்க அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டாராம். பேராசிரியர் சொன்னார். என்னிடம் அவர் இன்னும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் வீட்டிலிருந்து போன்.

"என்ன, திரை எப்படி? பிரமாதமா?"

"தெரியலைங்க. இன்னும் பாக்கலை."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். உனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லையா?"

"இல்லை."

"சாப்பிட்டியா? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

நல்லாத்தான் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கொட்டகை திறக்கும். இன்று எழுத ஒன்றுமில்லை.